பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்: தூக்கிப் போடும் முன் கோப்புகளை மீட்பது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் இறங்குவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. 2003-க்கும் 2012-க்கும் இடையில் வாங்கிய பெட்டியாக இருக்கும். உள்ளே 2004 மகாமகத்தில் எடுத்த படங்கள் இருக்கலாம், டாலி என்ற மென்பொருளில் எழுதிய அரிசி ஆலைக் கணக்கு இருக்கலாம், கோயில் கும்பாபிஷேக மலருக்காகத் தட்டச்சு செய்த பக்கங்கள் இருக்கலாம். ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று உடனே பிளக்கில் செருகிவிடுவார்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

கோப்புகள் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மதர்போர்டு (மற்ற பாகங்கள் மாட்டியிருக்கும் முதன்மைப் பலகை) செத்துப்போன பெட்டியிலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பல வருடம் சும்மா கிடந்த டிஸ்க் இன்று சுற்றிவிட்டு நாளை சுற்றாமல் போகலாம். முதல் முறை சுற்றும்போதே நகல் எடுக்கத் தயாராக இருங்கள். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர், ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ் (புதியது), பென்சில் ரப்பர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொஞ்சம், சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. இவற்றைவிட முக்கியமானது ‘யுஎஸ்பி டு சாட்டா - ஐடிஇ கன்வெர்ட்டர்’, அதாவது பழைய டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணைக்கும் கருவி. சாட்டா, ஐடிஇ என்பவை டிஸ்க் இணைப்பின் இரு வகைகள். கூடவே 12 வோல்ட் அடாப்டர் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் டெஸ்க்டாப் டிஸ்க் சுற்றாது. நகலைச் சேமிக்க ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பெரும்பாலும் 40 முதல் 500 ஜிபிக்குள்தான், அதனால் 1 டிபி தாராளம்.

மூடியைத் திறந்து பாருங்கள்

பவர் கார்டைக் கழற்றிவிட்டு, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பிறகு பக்கவாட்டுத் தகடைக் கழற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்வது நல்லது, எலிப் புழுக்கை இருந்தால் கட்டாயம்.

நம் பக்கத்துப் பெட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுபவை: எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஓட்டையில் குளவி கட்டிய மண்கூடு, மதர்போர்டு ஓரத்தில் பல்லி முட்டை, அறுவடைக் காலத்தில் தெருவிலிருந்து வந்த நெல் தூசி பஞ்சுபோல் படிந்து அடைத்த பிராசசர் ஃபேன். பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். புளோயர் அடிப்பதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அதிவேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர், கரண்ட் இல்லாதபோதும் ஷாக் அடிக்கும்.

மதர்போர்டில் சிறு டப்பாக்கள்போல் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பரவலான குறை.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றால் ரேம் என்ற நினைவக அட்டையின் காலிலும் கனெக்டரிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ரேமைக் கழற்றி அதன் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி என்றால், உதாரணமாக 2018 நவம்பரில் கஜா புயலில் நனைந்து தானாகவே காய்ந்தது என்றால், நீங்களே எதுவும் செய்யாதீர்கள். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே போன சேற்று நீர் காய்ந்து, தகட்டின் மேல் வண்டலாக நிற்கும். கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டால் அந்த வண்டலே தகட்டைக் கீறிவிடும். அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் பலன் தராது. அதில் இருப்பது நிஜமாகவே முக்கியம் என்றால், தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரிகவரி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி நேராகப் படியுங்கள்

உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் சேர்த்து நான்கு ஸ்க்ரூ இருக்கும். பின்னால் அகலமான ரிப்பன் கேபிளும் 40 ஊசிகளும் இருந்தால் அது ஐடிஇ. ஒல்லியான கேபிள் என்றால் சாட்டா. ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பர் என்ற குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை மாஸ்டர் நிலையில் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக இணைக்கப்படும்போது ஜம்பரே இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையும் டிஸ்க்கின் லேபிளிலேயே வரைந்திருக்கும்.

மரமேசை மேல் லேபிள் மேலே தெரிய டிஸ்க்கை வைத்து, கன்வெர்ட்டரை மாட்டி, முதலில் அடாப்டருக்குக் கரண்ட் கொடுங்கள். பிறகு யுஎஸ்பியை இப்போது நீங்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் செருகுங்கள். சுற்றும்போது டிஸ்க்கை நகர்த்தாதீர்கள்.

இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சீரான ‘உம்ம்’ ஒலியும் நடுநடுவே மெல்லிய கிறுகிறுப்பும் நல்ல அறிகுறி. ஒரே தாளத்தில் ‘டக்... டக்... டக்’ என்று திரும்பத் திரும்ப அடித்தால் ரீட் ஹெட் (தகட்டைப் படிக்கும் முனை) போய்விட்டது என்று பொருள், உடனே அணையுங்கள். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். சத்தமே இல்லை என்றால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். ஃபிரீசரில் வைப்பது, தட்டுவது, டிஸ்க்கைத் திறப்பது எதுவும் வேண்டாம். இன்னொரு டிஸ்க்கின் பச்சை போர்டைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. ஒவ்வொரு டிஸ்க்கின் போர்டிலும் அதற்கே உரிய அளவுக் குறிப்புகள் பதிந்திருப்பதுதான் காரணம்.

டிஸ்க் தெரிந்ததும் விண்டோஸ் சில கேள்வி கேட்கும். ‘ஃபார்மட் செய்யவா’ என்றால் கேன்சல். ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்றாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பழைய டிஸ்க்கில் எதையும் எழுதவிடக் கூடாது. ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது, ஆனால் டிஸ்க் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது என்றால் அந்தக் கால பென்டிரைவ் வைரஸ் கோப்புகளை மறைத்து வைத்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்தால் தெரியும். ஃபோல்டர் படத்தோடு இருக்கும் இஎக்ஸ்இ கோப்பைத் தப்பித் தவறியும் கிளிக் செய்யாதீர்கள்.

அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். சில கன்வெர்ட்டர்கள் இந்தத் தகவலைக் கடத்தாது. நீல நிறமாக இருந்தால் சாதாரணமாகவே காப்பி செய்யலாம். மஞ்சளில் ‘காஷன்’ (எச்சரிக்கை) என்று வந்தால் தேய்ந்த இடங்கள் உண்டு. அப்போது சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென்டிரைவில் வரும் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக, ஒரே பிம்பமாக எடுப்பதே சரி. அது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் முயலும். கட்டளை அடித்து வேலை வாங்கும் மென்பொருள் அது. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் உள்ளதும் போய்விடும், ஆகவே லினக்ஸ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்

விண்டோஸ் எக்ஸ்பியில் ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டர், விண்டோஸ் 7-இல் ‘யூசர்ஸ்’ ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் இருந்தவையும் இவற்றுக்குள்தான் இருக்கும். டி, இ டிரைவ்கள் முழுவதும். டாலி இருந்தால் அந்த ஃபோல்டரை அப்படியே எடுங்கள். உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள்தான் கம்பெனிக் கணக்குகள். சிறிய கோப்புகள் முதலில், பிறகு படங்கள், வீடியோ கடைசியில். டிஸ்க் நடுவில் மடங்கினாலும் முக்கியமானது கைக்கு வந்திருக்கும்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது எழுத்துருக்களை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் கட்டாயம் நகலெடுங்கள். யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முன் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் வைத்திருந்தார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். வேறு எழுத்துருவில் அடித்தது என்றால் குறிகளும் வேறாக இருக்கும். எந்த எழுத்துரு என்று தெரியாமல் போனால் பின்னாளில் யூனிகோடுக்கு மாற்றுவது பெரும்பாடு. எழுத்துரு கையில் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது கம்ப்யூட்டரையே ஓட்ட வேண்டியிருக்கும்

கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கும்போது. நம் ஊர் டிடிபி கடைகளில் பத்திரிகை, மலர், துண்டறிக்கை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அதன் இடத்தில் வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறக்காது. ஆகவே நகல் எடுத்த பிறகு, பழைய பெட்டியிலேயே அவற்றைத் திறந்து ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடுவது பெரிய புண்ணியம். பச்சை நிறப் பெயரோடு தெரியும் கோப்புகள் விண்டோஸால் பூட்டப்பட்டவை. அவற்றையும் பழைய பாஸ்வேர்டோடு அதே விண்டோஸுக்குள் போய்த்தான் எடுக்க முடியும். அந்த பாஸ்வேர்டை வெளியிலிருந்து அழித்தால் எக்ஸ்பியில் கோப்பு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

ஓட்டும் முறை:

1. ஹார்ட் டிஸ்க்கை இணைக்காதீர்கள். ஒரே ஒரு ரேம், மானிட்டர், கீபோர்டு மட்டும் போதும்.
2. பழைய பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிய சிஆர்2032 போடுங்கள்.
3. எஸ்எம்பிஎஸ் பின்னால் சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் நிற்கிறதா பாருங்கள். 115-இல் இருந்தால் ஆன் செய்ததும் வெடிக்கும்.
4. ஆன் செய்யுங்கள். விடாமல் பீப் அடித்தால் பெரும்பாலும் ரேம். கழற்றி, துடைத்து, வேறு ஸ்லாட்டில் போடுங்கள். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல போர்டுகளில் டிஸ்ப்ளே கார்டு.
5. ‘சிமாஸ் செக்சம்’ பிழை வந்தால் எஃப்1 அழுத்தி, தேதியைச் சரிசெய்து சேமியுங்கள்.
6. விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலேயே கால் மணி நேரம் விடுங்கள். தானாக அணையாமல், தீய்ந்த வாடை வராமல் நின்றால், அணைத்துவிட்டு டிஸ்க்கை மாட்டுங்கள்.

நடுநடுவே அணைகிறதென்றால் பெட்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள். குறுவைக்குப் பம்புசெட் ஓடும் நேரத்தில் கிராமங்களில் லோ வோல்டேஜ் வரும். வலுவிழந்த எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. நல்ல யுபிஎஸ் வழியாக ஓட்டுங்கள். இன்டர்நெட் கேபிளை மட்டும் மாட்டாதீர்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டது.

விண்டோஸ் எழும்பவில்லை, கன்வெர்ட்டரும் கிடைக்கவில்லை என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸின் 32 பிட் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்யலாம். மிகப் பழைய போர்டுகள் பென்டிரைவில் பூட் ஆகாது. அவற்றுக்கு சிடியில்தான் எழுத வேண்டும்.

சரிபார்த்த பிறகே அழியுங்கள்

பழைய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் இரண்டிலும் ப்ராபர்ட்டீஸ் பார்த்துக் கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். சிறு படமாகத் தெரிந்தாலே நல்லது என்று நம்பிவிட முடியாது, பாதி சாம்பல் நிறமாகவும் இருக்கும். கல்யாண வீடியோ நகலாகவில்லை என்றால் புதிய டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அது 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். டாலி உரிமத்தைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைத்தால், பழைய பெட்டி ஓடும்போதே சரண்டர் செய்துவிடுங்கள்.

டெலீட் செய்வதும் குயிக் ஃபார்மட்டும் எதையும் அழிப்பதில்லை. பெயர்ப்பட்டியல்தான் போகும், பத்திர ஸ்கேனும் பான் கார்டு நகலும் உள்ளேயே கிடக்கும். ஓடும் டிஸ்க்கை என்வைப் போன்ற மென்பொருளால் ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும். பழைய யுஎஸ்பி 2 வழியாக 500 ஜிபிக்கு நாலைந்து மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஓடாத டெஸ்க்டாப் டிஸ்க்கின் நடுத்தண்டைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் தகடு துளைபடும்படி டிரில் போடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் கண்ணாடி. கண்ணாடித் தூள் தெறிக்கும், கண்ணுக்கு மூடி அவசியம்.

மீதியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து போகும் வயர்கள் செம்புக்காகக் கொளுத்தப்படும். அந்தப் புகை நச்சு, சாம்பல் மழையில் வாய்க்காலுக்குத்தான் வரும். பழைய பெரிய டப்பா மானிட்டர் என்றால் திறக்கவும் உடைக்கவும் கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாம், கண்ணாடியில் ஈயம் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்தான் இதைக் கையாள வேண்டும். யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். சிடி டிரேயை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். பூட்டிய டிரே என்றால் முன்பக்க ஊசித்துளையில் ஒரு ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினால் திறக்கும்.