கண்மாய் நிரம்பியும் ஊரணி நிறையாத கதை: கம்ப்யூட்டரில் ஹை-ரெஸ் பாட்டுக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டிலிருந்து போன் வந்தது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில், பாட்டுக் கேட்பது என் பைத்தியம். இரண்டும் தெரிந்தவர்தான் கூப்பிட்டார்.

“தம்பி, மகன் சிங்கப்பூர்ல இருந்து கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாட்டுக் கேக்குற டாக் பெட்டி ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கான். பாட்டெல்லாம் இருபத்துநாலு பிட்டாம். ஆனா எங்க அய்யா காலத்து வால்வு ரேடியோவுல கேட்ட சுகம்கூட வரலையே. கேபிளை மாத்தினா சரியாயிரும்ங்கிறாங்க. முப்பதாயிரம் ரூபாயாம்.”

“பணம் கட்டிராதீங்கண்ணே. நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்.”

எங்கள் பக்கம் நல்ல மழை பெய்தும் ஊரணி நிறையவில்லை என்றால், விவரம் தெரிந்தவர்கள் ஊரணிக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். வரத்துக்காலோடு நடந்து போய் எங்கே கருவேலம் மண்டியிருக்கிறது, எங்கே மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதும் இதே சங்கதிதான். ஃபைலில் தொடங்கி காது வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். அண்ணன் வீட்டில் அன்றைக்கு நான் நடந்த வழியையே இங்கே சொல்கிறேன். அவர் செய்திருந்த தவறுகளில் பாதியை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான்.

ஃபைலின் பெயரை நம்புவது

1982-ல் கடைக்கு வந்த சிடி, ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. ஹை-ரெஸ் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் 96,000 அல்லது 1,92,000 முறை அளந்து 24 பிட்டில் எழுதியிருப்பார்கள். எத்தனை முறை அளக்கிறோம் என்பதில் பாதிதான், எவ்வளவு உச்சத்தில் இருக்கும் ஒலி வரை பதிவாகும் என்பதற்கு எல்லை. சிடிக்கு அது 22 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதுவும் இளவயதில். பிட் எண்ணிக்கை, மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் நடுவிலுள்ள வீச்சைத் தீர்மானிக்கிறது. 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144.

2001-ல் வெளியான ஃப்ளாக், இந்த எண்களில் ஒன்றுகூட இழக்காமல் சுருக்கி வைக்கும் முறை. அதை இலவசமாக யாரும் பயன்படுத்தலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃப்ளாக் என்பது வெறும் பாத்திரம். யூடியூப்பிலிருந்து இறக்கிய பாட்டையோ பழைய எம்பி3-யையோ ஃப்ளாக் ஆக மாற்றினால் ஃபைல் நாலைந்து மடங்கு வீங்கும், போன ஒலி திரும்பி வராது. உப்புத்தண்ணியை வெள்ளிக் குடத்தில் ஊற்றி வைத்த மாதிரி.

அண்ணனின் ஹார்டு டிஸ்கில் இருந்த பாட்டுகளில் பாதி, டெலிகிராம் குழுக்களில் கிடைத்தவை. ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒலியின் உயரத்தை அது வண்ணப் படமாகக் காட்டும். 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 96,000 முறை அளந்தது, என்று பெயர் போட்டிருந்த பல ஃபைல்களில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரியால் வெட்டினது போல ஒரே கறுப்பு. 128 கிலோபிட் எம்பி3-யின் அடையாளம் அது. “அப்ப இவ்வளவு நாளா எம்பி3-யைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேனா?” என்றார். ஆமாம் என்று சொல்வதற்குச் சங்கடமாக இருந்தது.

இன்னொரு வகை உண்டு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நம் எதிர்பார்ப்புதான் தவறு. கிராமபோன் இசைத்தட்டு இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. ஏவி.மெய்யப்பச் செட்டியாரின் தகப்பனார் காரைக்குடியில் வைத்திருந்த கடையில் அதுவும் ஒரு சரக்கு. 1940-களில் ஏவிஎம் ஸ்டூடியோவே தேவகோட்டை ரஸ்தாவில் இருந்து, பிறகுதான் கோடம்பாக்கம் போனது. அந்தக் காலத்து அரக்குத் தட்டு ஒன்றை 192 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினால் ஊசியின் கரகரப்பு மிகத் துல்லியமாகப் பதிவாகும். பாட்டில் இல்லாத உச்ச ஒலி எங்கிருந்தோ முளைத்துவிடாது. பழைய தட்டைச் சுத்தம் செய்து காப்பாற்ற நினைப்பவருக்கு 24 பிட் நல்ல கருவி, அதை மறுக்கவில்லை. கேட்பவருக்கு அதில் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

விண்டோஸ் நடுவில் கை வைப்பதைக் கவனிக்காமல் விடுவது

டாக் என்பது கம்ப்யூட்டரிலிருந்து வரும் எண்களை மின்னலையாக மாற்றித் தரும் பெட்டி. அண்ணனின் டாக்கில் ஒரு சின்னத் திரை உண்டு. உண்மையான 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். திரையில் 48 என்று காட்டியது. சிடி பாட்டைப் போட்டேன், அப்போதும் 48.

விண்டோஸின் வழக்கம் இது. வாட்ஸ்அப் மணி, பிரவுசர் சத்தம், நம் பாட்டு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, செட்டிங்ஸில் எந்த வேகம் குறித்திருக்கிறதோ அந்த வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது 48. அதைப் பார்த்தவுடன் பலர் உச்சமாக 192-ல் கொண்டு வைத்துவிடுகிறார்கள். அதுவும் தவறுதான், சிடி பாட்டையும் தேவையில்லாமல் இழுத்து நீட்டி அனுப்பும். மாற்றுவதால் ஒலி குட்டிச்சுவராகிவிடும் என்று பயமுறுத்தவில்லை, பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஹை-ரெஸ் ஃபைலுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை வழியில் 48 ஆக்கிக் கேட்பதில் அர்த்தமில்லை.

வழி சுலபம். ஃபூபார்2000 போன்ற இலவச ப்ளேயரின் அவுட்புட் பட்டியலில் டாக்கின் பெயர் இரண்டு முறை இருக்கும். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று சேர்த்திருப்பதைத் தேர்ந்தெடுத்தால், ப்ளேயர் விண்டோஸின் அண்டாவுக்குள் போகாமல் நேராக டாக்கோடு பேசும். பாட்டுக்குப் பாட்டு திரையில் 44.1, 96 என்று எண் மாறினால் வரத்துக்கால் திறந்துவிட்டது என்று அர்த்தம். மேக் வைத்திருப்பவர்கள் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலியில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்க்ளூசிவ் முறையில் விண்டோஸின் வால்யூம் பட்டை பல சமயம் வேலை செய்யாது, ஒலி முழுப் பலத்தில் பாயும். முதல் பாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கீழே இறக்கி வையுங்கள். நான் ஒருமுறை மறந்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய குற்றவாளி ‘என்ஹான்ஸ்மென்ட்’. லேப்டாப்போடு வரும் பாஸ் பூஸ்ட், ஸ்பேஷியல் சவுண்ட் என்கிற அலங்காரங்கள்தான் இந்தப் பெயரில் ஒளிந்திருப்பவை. சின்ன ஸ்பீக்கரின் குறையை மறைக்க வந்தவை. நல்ல ஸ்பீக்கரில் தவிலின் தொப்பிப் பக்கத்தைப் பானை போல ஒலிக்க வைத்துவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிடியின் ஒலிக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும், 24 பிட் 96-க்கு 4,608. ப்ளூடூத்தில் பெருமையாகச் சொல்லப்படும் எல்டிஏசி என்ற சுருக்கும் முறையின் உச்சமே 990. வண்டி ஓட்டும்போது கேட்கலாம், சமையல் செய்துகொண்டே கேட்கலாம். அதில் ஹை-ரெஸ் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உறுமலைக் கேட்டு எர்த் பின்னை ஒடிப்பது

பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’ கேட்டது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் நடுவே சின்ன வித்தியாசம் இருந்தால் சிக்னல் கேபிள் வழியாக அது சுற்றிவரும். பழைய வீடுகளில் முகப்பில் ஒரு காலத்து வயரிங், இரண்டாம் கட்டில் வேறு காலத்து வயரிங், சில இடங்களில் எர்த்தே கிடையாது.

இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியம், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் போகும். ஆம்புக்குள் ஒரு வயர் கழன்று உலோக உடலைத் தொட்ட அன்றைக்கு, தொட்டவரின் உயிரும் போகும்.

எளிய சோதனை ஒன்று. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிடுங்கள். உறுமல் நின்றால் சிக்கல் சார்ஜர் பக்கம். அண்ணன் வீட்டில் நின்றது. கம்ப்யூட்டர், டாக், ஆம்ப் மூன்றையும் எர்த் உள்ள ஒரே ஸ்விட்ச்போர்டுக்குக் கொண்டுவந்ததும் அடங்கிவிட்டது. அப்படியும் அடங்காவிட்டால், டாக்கிலும் கம்ப்யூட்டரிலும் வசதி இருந்தால் ஆப்டிக்கல் கேபிளில் இணைக்கலாம். அதில் போவது வெறும் வெளிச்சம் என்பதால் கரண்டு ஏற வழியில்லை. 96 வரை நம்பிப் போடலாம், 192 எல்லாப் பெட்டியிலும் எடுக்காது. கரண்டு போனால் மட்டும் ‘கர்ர்’ என்று கேட்கிறதென்றால் இன்வெர்டரைப் பாருங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்டரின் சத்தம் அது.

கேபிள் சாமியாடிகள்

யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும். நம் 24 பிட் 192-க்கு 10 மெகாபிட்கூட வேண்டாம். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் கேபிளின் வேலை முடிந்தது. அதன் வெள்ளி முலாம் வீணைக்கு இனிமை சேர்க்காது. கேபிள் கெட்டால் டிக்டிக் என்று விட்டுவிட்டுக் கேட்கும், இருநூறு ரூபாயில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

“ஆனா மாத்தினவங்க வித்தியாசம் தெரியுதுங்கிறாங்களே?” என்றார் அண்ணன்.

தெரியும்தான், எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே கேட்டால். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் கதை வேறு. 2007-ல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு ஒன்றில், ஹை-ரெஸ் தட்டை நேராகவும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். 2016-ல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ஜோஷுவா ரீஸ் இப்படிப்பட்ட 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் இழையளவு. என் காதுக்கு நல்ல சிடிக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பிடுகிறவர்கள் மறப்பது ஒலியின் அளவை. ஒரு டெசிபல் கூடினாலே ‘இதுதான் தெளிவு’ என்று காது சொல்லும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஹை-ரெஸ் பதிப்பு நன்றாக இருப்பதற்குப் பல சமயம் காரணம் எண்களே அல்ல. அதை யாரோ அக்கறையாகப் புதிதாக மாஸ்டர் செய்திருப்பார்கள், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சீர்படுத்தியிருப்பார்கள்.

கடைசியில் கூடம்

இவ்வளவையும் சரிசெய்து பாட்டைப் போட்டோம். முன்னைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பாடகர் கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரி. நான் எழுந்து ஒரு கை தட்டினேன். சத்தம் ஒரு நொடிக்கு மேல் கூடத்தைச் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது.

முகப்புக் கூடம். கீழே பளபளக்கும் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய கண்ணாடி வழவழப்பு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே பர்மாத் தேக்குக் கூரை, பெல்ஜியம் கண்ணாடி வேறு. கண்ணுக்கு இதைவிட அழகு இல்லை. ஒலிக்கு இதைவிடக் கொடுமையும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வருவதை நாம் ஒருமுறை கேட்டால், சுவரும் தரையும் திருப்பி அனுப்புவதைப் பத்து முறை கேட்கிறோம். வீணையின் ஒரு மீட்டு அடங்குவதற்குள் அடுத்த மீட்டு அதன் எதிரொலியில் முங்கிப்போகிறது. 24 பிட்டின் வீச்சைப் பற்றிப் பேசுகிறோம், மேலே ஓடும் ஃபேனின் சத்தமே சிடியின் வீச்சில் அடிப்பகுதியை விழுங்கிவிடுகிறது.

ஸ்பீக்கர்கள் இருந்த லட்சணம் அதற்கு மேல். ஒன்று மூலையில் பெட்டகத்தின் தலையில், இன்னொன்று ஜன்னல் திட்டில்.

பக்கத்தில் ஒரு சின்ன உள்ளறை இருந்தது, புத்தக அலமாரியும் பழைய மெத்தைகளும் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அங்கே மாற்றினோம். இரண்டு ஸ்பீக்கர்களும் உட்காருகிற நாற்காலியும் சம முக்கோணமாக வரும்படி, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி, உச்ச ஒலி வரும் சின்னக் கூம்பு காதின் உயரத்தில் இருக்கும்படி வைத்தோம். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவிலுள்ள தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். செலவு ஒரு பைசா இல்லை. அதே நாதஸ்வரப் பதிவைப் போட்டபோது சீவாளியில் மூச்சு பட்டு எழும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அது வெறும் சிடி ஃபைல்.

போகிற போக்கில் இரண்டு சொல்லிவிடுகிறேன். 24 பிட் 96-ல் ஒரு மணி நேர இசை, சுருக்காமல் 2 ஜிபி ஆகும். ஃப்ளாக்கில் அதில் பாதிக்குச் சற்று மேலே வரும். டிஸ்க் நிறைகிறது என்று பழையதை அழிக்காதீர்கள், இன்னொரு டிஸ்கில் நகல் வைத்துவிட்டு மறு வேலை பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் மொத்தமும் போகலாம்.

அண்ணன் கேபிளுக்குச் சொல்லி வைத்ததை ரத்து செய்துவிட்டார். ஆச்சிக்குத்தான் மனசில்லை. “அந்த ரூமுக்குக் கல்லு ஆத்தங்குடியில நானே போயி டிசைன் சொல்லி வார்த்தது, அதை ஜமுக்காளம் போட்டு மூடுறீகளே” என்று வாசற்படியில் நின்றபடி சொன்னார்கள். நான் கிளம்பும்போது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. போன வாரம் அண்ணன் போனில் சொன்ன நிலவரம்: ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை விரித்துக்கொள்ள அனுமதி, பிறகு சுருட்டி வைத்துவிட வேண்டும்.