அடைமழையில் தச்சுக் கருவிகள்: துருவை வரவழைக்கும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் உளிக்கும் இழைப்புளிக்கும் கெட்ட காலம். ராத்திரி பளபளத்த உளி காலையில் செம்புள்ளி பூத்திருக்கும். "எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்" என்பார்கள். போட்டது சரி, எதன்மேல் போட்டோம் என்பதில்தான் தவறு.

கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பில் படியவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். அதன்மேல் எண்ணெய் தடவினால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு குழி பறிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு காய்ந்த துணி. அப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில், கை பொறுக்கும் சூட்டில் கால் மணி நேரம். தணலில் நேராகக் காட்டவே கூடாது, கருவியின் வெட்டும் வாயில் இரும்பின் பதம் இறங்கிவிடும். இத்தனைக்கும் பிறகுதான் எண்ணெய்.

அதுவும் சமையல் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஓர் உளிக்கு இரண்டு சொட்டு போதும். மாதக்கணக்கில் எடுக்காத கருவிக்கு கிரீஸ் பூசலாம். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிவிடும். காவலுக்கு நிற்காது.

இழைப்புளியின் ஆப்பைத் தட்டி அலகை உருவிப் பாருங்கள். வெளியே தெரிகிற பாகம் சுத்தமாக இருக்கும், கட்டையோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில் மட்டும் பட்டையாகத் துரு. அங்கே அடைந்த மரத்தூள் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டிக்கிடந்ததன் வேலை அது. கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரத்தூளானால் கருநீலக் கறையும் சேரும். மழைக்காலத்தில் தினமும் அலகைக் கழற்றி, பிரஷால் தூளைத் தட்டி எடுக்காமல் விடக்கூடாது.

சாக்கில் சுற்றி சிமெண்ட் தரையில் வைப்பது அடுத்த தவறு, இரண்டுமே ஈரத்தைத் தேக்கும். பலகைமேல் வையுங்கள். மார்கழி விடியலில் குளிர்ந்து கிடக்கும் இரும்புப் பெட்டியை, வெயில் ஏறி வெளிக்காற்று சூடானதும் சட்டென்று திறந்தால் உள்ளே இருக்கும் கருவி வியர்க்கும். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சில்லிப்பு போன பிறகு திறக்கலாம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் வெள்ளம் புகுந்ததுபோல் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், கருவியில் சேறு காயும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அலசித் துடைத்து, காயவைத்து எண்ணெய் போடுங்கள்.

துரு வந்தேவிட்டதென்றால் உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காதீர்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு 400 நம்பர் தாளால் மெதுவாகத் தேய்த்து, கறுத்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, புது எண்ணெயை உடனே தடவுங்கள். தேய்த்த இரும்பை எண்ணெய் இல்லாமல் ஒரு ராத்திரி விட்டாலும் துரு திரும்பிவரும்.