சிக்னலில் நின்றால் மட்டும் ஹீட் ஆகும் கார்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

ஹைவேயில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கிறது, சென்னை பெருங்களத்தூர் டிராஃபிக்கில் கொஞ்ச நேரம் ஊர்ந்தால் மளமளவென்று ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் தானாக இறங்கிவிடுகிறது. உங்கள் கார் இப்படித்தான் செய்கிறது என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், பிரிச்சுப் பார்த்துடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால், கீழே சொல்லும் சோதனைகளை முடிக்காமல் எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள். எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்தான் ஹெட் கேஸ்கெட், அதை மாற்றுவது பல ஆயிரம் ரூபாய் வேலை. பல நேரம் ஒரு ரிலே (ஃபேனுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) மாற்றினாலே சரியாகிவிடுகிற பிரச்சினைக்கு அவ்வளவு செலவு செய்வது அநியாயம்.

நின்றால் நன்றாக இருந்து, வேகமாகப் போகும்போதோ மலை ஏறும்போதோ ஹீட் ஆகிறது என்றால் அது வேறு பிரச்சினை. ரேடியேட்டர் உள் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) என்று அந்தப் பக்கம் போக வேண்டும். அதேபோல அம்பாசடர் மாதிரி பெல்ட்டில் சுற்றும் ஃபேன் உள்ள வண்டிகளுக்கும் இந்த முறை முழுசாகப் பொருந்தாது. இங்கே சொல்வது எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள கார்களுக்கு.

தொடங்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். இன்னொன்று, சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும். அதன் பக்கத்தில் விரல், துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் போகக் கூடாது.

1. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் பாருங்கள்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். டேங்கில் இருக்கிறது, ரேடியேட்டரில் இல்லை என்றால் மூடியின் ரப்பர் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். குறைந்திருந்தால் உங்கள் காருக்கான கூலன்ட்டையே ஊற்றுங்கள். தயவுசெய்து போர் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரையே அடைத்துவிடும். ஊற்றிய பிறகும் சில நாளில் மறுபடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

2. ஏசியைப் போட்டுப் பாருங்கள்

இதற்கும் செலவே இல்லை, ஃபேனுக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு ஃபேன் உள்ள காராக இருந்தால் எது சுற்றுகிறது என்றும் கவனியுங்கள்.

அப்புறம் ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை ஐட்லிங்கிலேயே விட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். முள் இல்லாமல் நீலம், சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார் என்றால் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரில் இருந்து தகவல் படிக்கும் சின்னக் கருவி) வாங்கி போனில் டிகிரியைப் பாருங்கள். முள் உள்ள காரிலும் இது நல்லது, ஏனென்றால் பல கார்களில் சூடு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். சுமாராக 95 முதல் 105 டிகிரிக்குள் ஃபேன் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது 'விர்'ரென்று ஒரு சத்தம், கூடவே ஐட்லிங் ஒரு கணம் தாழ்ந்து மீளும். சில நிமிடத்தில் சூடு குறைந்து ஃபேன் நிற்கும், மறுபடி ஏறினால் மறுபடி சுற்றும். 110-ஐத் தொட்டும் ஃபேன் அசையவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், சோதனை முடிந்தது.

3. ஃபேன் சுற்றவில்லையா?

ஏசி போட்டால் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. கூலன்ட் சென்சார், அதன் வயர், அல்லது இரண்டு வேகம் உள்ள ஃபேனில் ஒரு வேகத்துக்கான ரெசிஸ்டர் மேல் சந்தேகம். எஞ்சினை அணைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், பல கார்களில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டிவிடும். அப்படி ஓடினால் ஃபேனுக்குப் போகும் லைன் சரி, சென்சாரை மாற்றிப் பாருங்கள். செக் எஞ்சின் லைட் எரியும், பயப்பட வேண்டாம், கனெக்டரை மாட்டி ஸ்கேனரில் அழித்துவிடலாம்.

எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃப்யூஸில் இருந்து வாருங்கள். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும், மறுபடி போனால் மோட்டார் ஜாம் ஆகி அதிகக் கரண்ட் இழுக்கலாம், அல்லது வயர் எங்காவது ஷார்ட் ஆகியிருக்கலாம். அடுத்தது ரிலே. அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலே பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் ஃபேன் கனெக்டரைக் கழற்றி உள்ளே உற்றுப் பாருங்கள். பின் ஒன்று கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் கரண்ட் அங்கேயே நிற்கிறது. இல்லையென்றால், பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வைத்த வயர் மூலம் மோட்டாருக்கு டைரக்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

இப்படி டைரக்ட் கொடுப்பது சோதனைக்கு மட்டும்தான். ஒரு சுவிட்ச் வைத்து நிரந்தரமாக டைரக்ட் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது, அதை நான் ஏற்கவே மாட்டேன். சுவிட்ச் போட ஒருநாள் மறந்தால் எஞ்சின் காலி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அப்படித்தான், நின்றால் ஹீட் ஆகும் வண்டிக்கு அதனால் பிரயோஜனமே இல்லை, மைலேஜ்தான் குறையும்.

4. ஃபேன் சுற்றியும் ஹீட் ஆகிறதா?

ஒரு தாளை முன் கிரில் மேல் வையுங்கள். ஃபேன் சுற்றும்போது தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது வயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தாள் லேசாகத்தான் ஒட்டுகிறது என்றால் மேலிருந்து டார்ச் அடித்து ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்துக்குள் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஆனால் அந்தச் சந்துக்குள் தூசி, பஞ்சு, செத்த பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு குறைந்த வேகத் தண்ணீரால் எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருக்கும் வழியும் அடைபடும்.

காற்றும் நன்றாக இருக்கிறது என்றால்தான் கூலன்ட் ஓட்டத்துக்கு வர வேண்டும். சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் ஏர் லாக் (உள்ளே காற்று சிக்கிக்கொள்வது) இருக்கலாம், காற்றை முறையாக வெளியேற்றச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் தேய்ந்திருந்தால் ஐட்லிங்கில் ஓட்டம் போதாது. நின்றபடியே ஆக்ஸிலரேட்டரை 2000 ஆர்பிஎம்முக்கு மிதித்ததும் சூடு இறங்கினால் பம்ப் மேல் சந்தேகப்படலாம்.

ஹெட் கேஸ்கெட் பற்றி யோசிக்க வேண்டியது இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் அறிகுறி இருந்தால்: ஒழுகலே தெரியாமல் கூலன்ட் குறைவது, சூடான எஞ்சினிலும் நிற்காத வெள்ளைப் புகை, டேங்கில் ஓயாமல் குமிழி, பால் கலந்தது போல ஆயில்.

எதை மாற்றினாலும் மெக்கானிக்கிடம் காசு கொடுப்பதற்கு முன், வண்டியை ஐட்லிங்கில் விட்டு ஃபேன் இரண்டு முறை தானாகச் சுற்றி நிற்கும் வரை அங்கேயே இருந்து பாருங்கள், அப்புறம் ஏசியைப் போட்டு இன்னொரு தடவை.