ஜூன் திறப்புக்கு முன்னால்: 1, 2-ஆம் வகுப்பு வாசிப்பு ஆசிரியரின் தயாரிப்பு

பள்ளி திறக்கும் முன் கிடைக்கும் ஒரு வாரம், வாசிப்பு சொல்லித்தரும் ஆசிரியருக்கு ஆண்டிலேயே உற்சாகமான வாரம். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வகுப்புக்குள் வரும் குழந்தை, ஆகஸ்டில் சுவரில் உள்ளதைத் தானாகப் படித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதற்கான வேலை இப்போதே தொடங்குகிறது.

முதலில் புத்தக அலமாரி. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் வைத்தால் தாள் மொரமொரத்து, ஒட்டிய முதுகு விட்டுப்போகும். பிறகு ஒவ்வொன்றையும் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எழுத்து வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். ணா, றா, னா வேறு வடிவில் இருக்கும். நன்கொடையாக வந்த பழைய புத்தகங்களில் இது அடிக்கடி தட்டுப்படும். அவற்றைப் பெரிய வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதானா? மூன்று, பலரும் கவனிக்காதது: வரி முடிவில் சொல் உடைகிறதா? ஒரு வரியில் ‘விளையா’ என்று நின்று அடுத்த வரியில் ‘டினான்’ என்று வந்தால், புதிதாகப் படிக்கும் குழந்தை இரண்டு சொல்லாகவே படிக்கும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் பிரிப்பது சுலபம். எளிதிலிருந்து கடினமாக நான்கு நிலை அவற்றில் உண்டு: ‘நுழை’, ‘நட’ இரண்டும் கைக்கெட்டும் இடத்தில்; ‘ஓடு’, ‘பற’ மேலே.

தேறியவற்றை அலமாரியில் அடுக்காதீர்கள். முதுகு மட்டும் தெரியும் புத்தகத்தை ஆறு வயதுக் குழந்தை எடுக்காது. சுவரில் இரண்டரை அடி, மூன்றரை அடி உயரங்களில் நைலான் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி துணி கிளிப்பில் மாட்டுங்கள். நாலடிக்கு ஓர் ஆணி இல்லையென்றால் கயிறு தொய்ந்து புத்தகங்கள் நடுவில் குவியும். 30 பிள்ளைகளுக்கு 40 புத்தகம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். சாரல் அடிக்கும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

அடுத்து அட்டைகள். பழைய காலண்டர் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். 247 எழுத்தையும் எழுதி அடுக்க வேண்டியதில்லை. ட, ப, ம, இவற்றின் புள்ளி வைத்த மூன்று எழுத்து, துணைக்கால். இதில் ப, ம, துணைக்கால் மட்டும் இரண்டிரண்டு அட்டை. இவ்வளவில் படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா எல்லாம் வந்துவிடும். முதல் மாதத்திலேயே குழந்தை முழுச் சொல் படிக்கும். அந்த ருசிதான் அடுத்த எழுத்துக்கு இழுத்துப் போகும்.

கொம்பு எழுத்துகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. ‘கே’யில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ‘க்’கில் தொடங்குகிறது. இடமிருந்து வலமாகப் போகும் குழந்தை கொம்பிலேயே நின்றுவிடும். கொம்பையும் எழுத்தையும் தனித்தனி அட்டையாக்காமல், கொம்பு எழுதி நடுவில் சதுரமாக வெட்டிய ஓர் அட்டையைச் செய்து, அந்தச் சன்னலுக்குப் பின்னால் க, ப, ம என்று மாற்றுங்கள். ஒ, ஓ வரிசைக்குச் சன்னலின் இருபக்கமும் குறி வரும். உகர, ஊகார வரிசைக்கு இது உதவாது. கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அந்த 36-ம் முழு அட்டையாகவே இருக்கட்டும். கையால் எழுதும்போது ‘ர’வின் சாய்ந்த காலைத் தெளிவாக இழுங்கள், இல்லையேல் அது துணைக்காலோடு குழம்பும்.

பள்ளி திறந்ததும் ஒவ்வொரு குழந்தையையும் தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி பிரித்த போன ஆண்டின் அரும்பு, மொட்டு, மலர் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். கோடை விடுமுறையில் நிறைய நழுவியிருக்கும். 10 எழுத்து, 10 சொல், நான்கு வரிப் பத்தி ஒன்று. தலைக்கு நான்கு நிமிடம், நாளுக்கு ஐந்து பேர் என்றால் ஆறு நாளில் 30 பேரும் முடியும். மற்றவர்கள் படம் வரையட்டும். குறுக்கே திருத்தாமல், குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது. ‘கோடு’ என்பதைக் ‘கொடு’ என்று படித்தால் குறில் நெடில் சிக்கல். எடு-ஏடு, கல்-கால் என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். ‘ம, ர, ம்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு ‘மரம்’ என்று சேர்க்காத குழந்தைக்குப் புது எழுத்து வேண்டாம். தெரிந்த எழுத்தில் நிறைய சொல் வேண்டும். சரளமாகப் படிப்பதுபோல் தோன்றினால் படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். மனப்பாடம் என்றால் அங்கே நின்றுவிடும். ‘வந்துவிட்டான்’ என்று இருப்பதை ‘வந்துட்டான்’ என்று படித்தால் தவறு போடவே போடாதீர்கள். அந்தக் குழந்தை பொருள் புரிந்து, தன் பேச்சில் படிக்கிறது. கொண்டாட வேண்டிய இடம் அது!

முதல் நாளே உரக்கப் படித்துக் காட்ட ஒரு கதையைத் தேர்ந்து, வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பக்கம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்து, வரிக்கடியில் விரல் ஓட்டுங்கள்.

வீட்டுக்குப் புத்தகம் கொடுப்பதை முதல் வெள்ளியே தொடங்கிவிடலாம். ஒரு நோட்டில் பெயர், புத்தக எண், தேதி போதும். கிழிந்து வந்தால் திட்டக் கூடாது. திட்டினால் மறுவாரம் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒளிவுமறைவின்றிக் கொண்டுவந்து போட ஓர் அட்டைப் பெட்டி, பக்கத்தில் பசை, செல்லோடேப் வைத்துவிடுங்கள்.