வீட்டு ஷட்டருக்கு மோட்டார் வாங்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷட்டர் பாதியில் நின்றுவிட்டால் நம் வாயில் முதலில் வருவது "மோட்டார் போயிடுச்சு" என்பதுதான். வருகிற மெக்கானிக்கும் ஏணியில் ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையே சொல்வார், புது மோட்டாருக்கு ஒரு விலையும் சொல்வார், நாமும் சரி என்போம். புதுசு போட்ட சில மாதத்தில் அதுவும் திணற ஆரம்பிக்கும். காரணம், கோளாறு முதலிலிருந்தே ஷட்டரில் இருந்தது, மோட்டாரில் இல்லை. துருப்பிடித்த பட்டைகள், வளைந்த கைடு (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டுச் சட்டம்), தளர்ந்துபோன ஸ்ப்ரிங், இவற்றையெல்லாம் இழுத்து இழுத்துத்தான் பழைய மோட்டார் களைத்துப்போனது. வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்புக்காற்றில் இரும்புப் பட்டைகளின் இணைப்புகள் மெல்ல மெல்ல இறுகிப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் நன்றாகத்தான் இருக்கும்.

அதனால் மோட்டார் வாங்கப் புறப்படும் முன், ஸ்ப்ரிங் உள்ள ஷட்டராக இருந்தால் அதைக் கையால் ஓட்டிப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, ஷட்டர் சுருளும் பைப்பின் நடுவில் இருக்கும் சென்டர் மோட்டாராக இருந்தால் பிரேக் விடுவிக்கும் கேபிளை இழுத்துவிட்டு, ஷட்டரை இடுப்பு உயரம் வரை தூக்கி மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள் (காலை அடியில் வைக்காதீர்கள், பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும்). அது அங்கேயே நிற்க வேண்டும், அல்லது கொஞ்சம் மட்டும் அசைய வேண்டும். படாரென்று கீழே வந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஷட்டரில் எவ்வளவு நல்ல மோட்டார் போட்டாலும் எரியத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் உரசினால் கைடைப் பாருங்கள். ஸ்ப்ரிங்கை மட்டும் நீங்களே கழற்ற முயலாதீர்கள், முறுக்கேறிய ஸ்ப்ரிங் விலகினால் கையை உடைத்துவிடும்.

அப்புறம், போகாத மோட்டாரைப் போய்விட்டது என்று தூக்கிப்போடுவது. இது நிறைய நடக்கிறது. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் கண்டென்சரைத்தான். புது மோட்டாரின் விலையோடு பார்த்தால் அதன் விலை மிகச் சின்னது. அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றினால் மோட்டார் பழையபடி ஓட வாய்ப்பு அதிகம். கரண்ட் அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் எலெக்ட்ரீஷியனை விட்டே செய்யுங்கள். இன்னொன்று, பைப்புக்கு உள்ளேயே இருக்கும் ட்யூபுலர் மோட்டார்கள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை சுமார் 4 நிமிடம் தொடர்ந்து ஓடினால் சூடேறி, உள்ளே இருக்கும் தெர்மல் சுவிட்ச் தானாக நிறுத்திவிடும். குழந்தைகள் ஏற்றி இறக்கி விளையாடினாலோ, ஷட்டர் மேலும் கீழும் எங்கே நிற்க வேண்டும் என்று மெக்கானிக் லிமிட் செட் செய்யத் திரும்பத் திரும்ப ஓட்டினாலோ இப்படி நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

கோடைகாலத்து வோல்டேஜையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே மாத இரவில் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வருகிறது என்று வையுங்கள். கண்டென்சர் வைத்த மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். அதாவது வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, ஆனால் இழுவிசை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். காலையில் நன்றாக ஏறும் ஷட்டர் இரவில் மட்டும் பாதியில் நிற்கிறதென்றால் மோட்டாரை மாற்றும் முன் அந்த நேரத்தில் ஒரு மீட்டர் வைத்து வோல்டேஜைப் பாருங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இப்போது நடக்கும் பெரிய தவறு வகையை மாற்றி வாங்குவது. நம் வீடுகளில் பொதுவாக மூன்று வகை உண்டு. ஷட்டரின் ஒரு ஓரத்தில் பெட்டி மாதிரி உட்கார்ந்து செயின் வழியாகப் பைப்பைச் சுற்றுவது சைடு மோட்டார். பைப்பின் நடுவில் இரண்டு பாதியாக வந்து கவ்விக்கொள்வது சென்டர் மோட்டார். பைப்புக்கு உள்ளேயே நுழைந்துகொள்வது ட்யூபுலர் மோட்டார், இது ஜன்னலுக்கும் பால்கனிக்கும் போடும் லேசான அலுமினிய ஷட்டருக்கானது. சென்டர் மோட்டார் ஸ்ப்ரிங்கை நம்பி வேலை செய்கிறது. எடையை ஸ்ப்ரிங் சுமக்கும், மிச்சத்தை மட்டும் மோட்டார் தள்ளும். சைடு மோட்டாரோ ஸ்ப்ரிங்கே இல்லாத ஷட்டரின் முழு எடையையும் தானே தூக்கும். ஸ்ப்ரிங் இல்லாத ஷட்டருக்கு, விலை குறைவு என்பதற்காகச் சென்டர் மோட்டார் போடச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். சைடு மோட்டாருக்கு மேலே ஓரத்தில் இடம் வேண்டும் என்பதையும் முன்பே அளந்துகொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த இடம் இருப்பதில்லை, பணம் கொடுத்து வாங்கி வந்த பிறகுதான் அது தெரியவரும்.

எடை கணக்குக்கு வருவோம், இதில்தான் ஏமாற்றமும் ஆபத்தும் சேர்ந்து இருக்கிறது. சைடு மோட்டார் 300 கிலோ, 500, 600, 800, 1000 கிலோ என்று கிடைக்கும். "பெருசாவே போட்டுடலாம் சார், பிரச்சினையே வராது" என்று ஒரு யோசனை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் ஷட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்டை 18 கேஜ் இரும்பு, ஒவ்வொன்றும் 75 மி.மீ. உயரத்தை மூடுகிறது. ஷட்டர் செய்த பட்டறையில் அதே பட்டை ஒன்றை எடை போடச் சொல்லுங்கள், சுமார் 2.8 கிலோ வரும். உயரத்துக்கு 34 பட்டை, பைப்பில் சுற்றியிருக்க இன்னும் இரண்டு மூன்று, ஆக 37. எல்லாம் சேர்த்து 104 கிலோ, அடிச்சட்டத்தையும் பூட்டையும் சேர்த்தால் 115 கிலோ பக்கம். உராய்வு, துரு, வோல்டேஜ் குறைவு என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டாலும் 300 கிலோ மோட்டார் தாராளம். இதற்கு 800 கிலோ போட்டால் என்ன ஆகும்? ஷட்டர் எங்காவது சிக்கினால் அந்த மோட்டார் நிற்காது. பட்டையைக் கிழித்துக்கொண்டு இழுக்கும், அடியில் ஏதாவது இருந்தால் அதை நசுக்கும். கூடுதல் சக்தி கூடுதல் பாதுகாப்பு இல்லை.

ட்யூபுலர் மோட்டாரில் கிலோ எழுதியிருக்காது, நியூட்டன் மீட்டர் என்று சுற்றுவிசையின் அளவு எழுதியிருக்கும். எடையை 9.81-ஆல் பெருக்கி, அதைப் பைப்பில் சுருண்டிருக்கும் ஷட்டர் சுற்றின் ஆரத்தால் (மீட்டரில்) பெருக்கினால் போதும். 30 கிலோ ஷட்டர், சுற்று ஆரம் 45 மி.மீ. என்றால் 13 நியூட்டன் மீட்டர் வரும். உராய்வுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 17. ஆக 20 நியூட்டன் மீட்டர் மோட்டார் போதும். பட்டைகள் பழசாகிக் கனமாக ஓடுகிறதென்றால் அடுத்த அளவுக்குப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பழைய ட்யூபுலர் மோட்டாரை வெளியே எடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள நியூட்டன் மீட்டர், சுற்று வேகம், வாட், வயர் எதில் எது சேர்ந்திருக்கிறது, மோட்டார் தலை (வயர் நுழையும் முனை) வலப்பக்கமா இடப்பக்கமா, பிராக்கெட்டின் வடிவம். மோட்டாரின் விட்டத்தில் 45 மி.மீ. அதிகம் புழங்குகிறது, 35-ம் 59-ம் உண்டு. பைப் எண்கோணமா வட்டமா, உள்ளளவு எவ்வளவு என்று தெரியாமல் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கோ மண்ணடிக்கோ போய் நின்றால், மோட்டார் கிடைக்கும், அதற்குப் பொருந்தும் அடாப்டர் கிடைக்காது. பிறகு மெக்கானிக் எம்சீலோ தகரத் துண்டோ வைத்து இறுக்குவார். அது வேண்டவே வேண்டாம். மோட்டார் தலைப்பக்கம் இருக்கும் வளையம் பைப்போடு சேர்ந்து சுற்றினால்தான் லிமிட் சுவிட்சுக்கு ஷட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அது நழுவினால் ஷட்டர் மேலே போய் முட்டிய பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டாரைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற விடாதீர்கள். மறுமுனையிலுள்ள சக்கரத்தைப் பைப்போடு சேர்க்கும் ஸ்க்ரூ நீளமாக இருந்து மோட்டாரில் இறங்கினால் அதோடு முடிந்தது, அதனால் துளை போடும் இடத்தை வெளியில் அளந்து குறித்த பிறகே டிரில்லை எடுக்கச் சொல்லுங்கள்.

வயரிங்கில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. நம் வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். ட்யூபுலர் மோட்டாரில் வரும் நான்கு வயரில் பெரும்பாலும் நீலம்தான் நியூட்ரல், கறுப்பும் பழுப்பும் ஏறவும் இறங்கவும், பச்சை மஞ்சள் எர்த். பழக்கத்தில் கறுப்பைக் கறுப்போடு முறுக்கிவிட்டால் மோட்டார் எரியலாம். கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அதேபோல் இரண்டு ஜன்னல் ஷட்டருக்கு ஒரே சுவிட்ச் போதும் என்று இரண்டு மோட்டாரையும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது. ஒன்று லிமிட்டில் நின்ற பிறகும் மற்றதன் கண்டென்சர் வழியாக மின்சாரம் திரும்பி வந்து இரண்டையும் கெடுத்துவிடும். இதற்கென்று ரிலே இருக்கிறது, அதைப் போடுங்கள். சுவிட்சும் சாதாரண ஃபேன் சுவிட்ச் இரண்டு வைத்து ஒப்பேற்றுவது கூடாது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் அழுந்த முடியாத சுவிட்ச்தான் வேண்டும்.

உப்புக்காற்று பற்றி மறுபடியும். கைடில் கிரீஸையோ பழைய என்ஜின் ஆயிலையோ பூசுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அந்தக் கிரீஸில் ஒட்டி, கொஞ்ச நாளில் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கைடைத் துணியால் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் போதும். வெளியில் தெரியும் பிராக்கெட்டும் போல்ட்டும் கால்வனைஸ் செய்ததாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். மோட்டாரில் ஐபி 44 என்று போட்டிருந்தால் அது தூறலையும் தெறிக்கும் நீரையும்தான் தாங்கும். எனவே மோட்டார் வயர் தலைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து மாட்டச் சொல்லுங்கள், மழைநீர் வயர் வழியாக உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகும் ஷட்டருக்கான பிளக் பாயின்டை முழங்கால் உயரத்தில் வைக்கிறார்கள். மோட்டார் மேலே பத்திரமாக இருக்கும், கன்ட்ரோல் பெட்டி தண்ணீரில் மூழ்கும். வியாசர்பாடி, கொளத்தூர் மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில் சுவிட்ச், பிளக், ரிமோட்டின் ரிசீவர் எல்லாம் குறைந்தது நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், அந்த லைனில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி கட்டாயம். இரும்பு ஷட்டர், ஈரத் தரை, எர்த் இல்லாத மோட்டார், இந்த மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும்.

ரிமோட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மாறும் ரோலிங் கோடு உள்ளதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், மாறாத கோடுள்ள ரிமோட்டை எளிதாக நகல் எடுத்துவிடலாம். மாடியில் நின்றபடி ஷட்டரைப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்தும் பழக்கம் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், குறுக்கே ஏதாவது வந்தால் நிறுத்தும் சென்சாரையும் சேர்த்தே போடுங்கள்.

கடைசியாகக் கரண்ட் போனால் என்ன செய்வது என்பது. கீழ்த்தளத்தில் ஷட்டர், அதை ஒட்டி மாடிப்படி, வெளியே போக வேறு வழி இல்லை என்று இருக்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். புயல் நாட்களில் கரண்ட் நாள் கணக்கில் வராமல் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் கையால் திறக்கும் வசதி இல்லாத மோட்டாரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவே கூடாது. சைடு மோட்டாருக்குக் கைச்சங்கிலி, சென்டர் மோட்டாருக்குப் பிரேக் கேபிள், ட்யூபுலருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றும் மாடல், இதைக் கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது சைன் வேவா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவில் இந்த மோட்டார்கள் இரைச்சலோடு சூடேறும். பிரேக் கேபிளின் முனை ஷட்டருக்கு வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிட்டால் திருடனுக்கும் வசதி, உள்பக்கம் மட்டுமே விட்டால் எல்லோரும் வெளியே போயிருக்கும்போது கரண்ட் போனால் நீங்களே தெருவில் நிற்பீர்கள். பூட்டுப் போட்ட சிறு பெட்டிக்குள் வெளியில் கொண்டுவருவதுதான் சரி.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கை நிறுத்திவைத்து மெயினை அணையுங்கள். அவர் திறந்து காட்டுவது போதாது. பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவோ பாட்டியோ தன் கையால் ஆள் வெளியே போகிற அளவுக்குத் திறக்க வேண்டும். அவர்களால் முடியவில்லையென்றால் சங்கிலி எட்டவில்லையா, ஸ்ப்ரிங் போதவில்லையா, கைடு பிடிக்கிறதா என்று பார்த்து அவரையே சரிசெய்யச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.