மருத்துவச் செயலிக்கு ஒரு வெள்ளோட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் முதற்கட்ட ஆய்வு செய்யும் முறை

புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். சக்கரம் எங்கே சிக்குகிறது, எந்தத் திருப்பத்தில் தேர் சாய்கிறது என்று அறிவதே அதன் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செயலியையோ, மருத்துவக் கல்லூரியில் ஒரு காணொளிப் பாடத்தையோ புகுத்த எண்ணுபவர் செய்யவேண்டிய முதற்கட்ட ஆய்வும் அத்தகையதே. "இதனால் இரத்த அழுத்தம் குறைந்ததா?" என்ற கேள்விக்கு முப்பது பேரைக் கொண்டு விடை காண இயலாது. "இதை இங்கே நடத்த முடியுமா, மக்கள் பயன்படுத்துவார்களா, எங்கே தடைபடுகிறது?" என்ற கேள்விகளுக்கு அந்த முப்பது பேரே போதிய வெளிச்சம் தருவார்கள். ஆகவே ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இந்த இரண்டாம் வகைக் கேள்வியை எழுதிவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடர்வோம். வீடு தேடிச் சென்று சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இத்தகைய நோயாளிகளுக்கு மாத்திரை தீர மூன்று நாள் இருக்கும்போது கைபேசியில் நினைவூட்டுவது உங்கள் யோசனை என்று கொள்வோம்.

மென்பொருள் எழுதுபவரைத் தேடும் முன், பத்து வீடுகளுக்காவது நேரில் செல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரோடு சென்றால் கதவு திறக்கும். ஆனால் அவர் அருகில் இருக்கும்போது யாரும் "மாத்திரையை விட்டுவிட்டேன்" என்று சொல்லமாட்டார்கள் என்பதால் பேச்சைத் தனியே நடத்துங்கள். முதலில் கேட்கவேண்டியது, பதிவேட்டில் உள்ள கைபேசி எண் யாருடையது என்பதுதான். அது பெரும்பாலும் மகனுடையதாக இருந்து, அவர் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போயிருந்தால், நினைவூட்டல் அங்கே ஒலிக்கும். மாத்திரை தீர்ந்த தாய் பென்னாகரத்தில் இருப்பார். வீட்டில் இருக்கும் கைபேசி எந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது, ரீசார்ஜ் தீர்ந்தால் எத்தனை நாள் அப்படியே கிடக்கிறது என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நல்ல யோசனைகள் மருத்துவக் காரணங்களால் அன்றி இத்தகைய எளிய காரணங்களாலேயே தோற்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மொழி. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு விகிதம் 68.5 சதவீதம், தமிழக மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. எனவே குறுஞ்செய்தியைவிடக் குரல் அழைப்பையே முதலில் சோதியுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக இருப்பதால் மூன்று மொழிகளிலும் பதிவு தேவைப்படும். பதிவை ஒலிக்கவிட்டு, "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டு, அவர்கள் தம் சொற்களில் திருப்பிச் சொல்வதை எழுதிக்கொள்வதே சரியான சோதனை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளுக்குச் செல்வதாயின், இணைப்பு இல்லாதபோதும் தகவலைக் கைபேசியிலேயே சேமித்துப் பின்னர் அனுப்பும் படிவத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆய்வைத் தொடங்குமுன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். இதற்கு அடிப்படை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள். செயற்கை நுண்ணறிவு இருந்தால் 2023இல் வெளியான தனி வழிகாட்டுதல்களையும் படியுங்கள். குழுக்களாகப் பிரித்துச் சோதிப்பதாயின், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். பெயரும் எண்ணும் ஒரு கோப்பிலும், நோய் விவரம் வேறொரு கோப்பிலும் இருக்கட்டும். நோயாளிகளின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் பகிராதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்? நூற்றில் ஐவருக்கு நேரும் ஒரு சிக்கலை ஒருமுறையேனும் காண்பதற்கு 95 சதவீத வாய்ப்பு வேண்டுமெனில் 59 பேர் தேவை; பத்தில் ஒருவருக்கு நேரும் சிக்கலுக்கு 29 பேர் போதும். முப்பது பேரில் 21 பேர் கடைசிவரை நீடித்தால் அதை 70 சதவீதம் என்று மட்டும் எழுதாதீர்கள். உண்மை அளவு ஏறத்தாழ 52 முதல் 83 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதற்கான அளவுகோலைத் தகவல் திரட்டத் தொடங்கும் முன்பே தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். அழைத்தவர்களில் 70 சதவீதத்தினர் முழுவதும் கேட்டால் பச்சை, 50 முதல் 70 வரை எனில் திருத்திச் செய்யவேண்டிய மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்பது போல உங்கள் களத்துக்கேற்ப நீங்களே வகுக்கலாம். முடிவைப் பார்த்தபின் கோட்டை நகர்த்துவது ஆய்வாகாது.

மருத்துவப் பயிற்சியில் வேறு சில கண்ணிகள் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இலும் கிருஷ்ணகிரிக் கல்லூரி 2022இலும் தொடங்கின. இத்தகைய கல்லூரியில் ஒரே வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் காணொளி காட்டினால், அன்றிரவே அது விடுதியில் மறுபாதிக்கும் போய்ச் சேரும். எனவே பயிற்சிக் குழுக்களை மாற்றி மாற்றி அமர்த்தி, இறுதியில் எல்லோருக்கும் காணொளி கிடைக்கச் செய்யுங்கள். "பிடித்திருந்ததா?" என்ற வினாத்தாள் கற்றலை அளக்காது. இரத்த அழுத்தம் பார்ப்பதைக் கற்பித்தால், கைப்பட்டையை எங்கே கட்டினார், நோயாளியை ஐந்து நிமிடம் அமரவைத்தாரா என்று படிப்படியாகக் குறிக்கும் பட்டியலைக் கொண்டு, யார் காணொளி பார்த்தவர் என்று அறியாத ஆசிரியர் ஒருவர் மதிப்பிட வேண்டும். நான்கு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அகமதிப்பெண் போடும் ஆசிரியரே ஒப்புதல் கையொப்பம் வாங்குவது தவறு, ஏனெனில் மாணவரால் அங்கே மறுக்க முடியாது.

அறிக்கையில் எத்தனை பேரை அணுகினீர்கள், யார் மறுத்தார்கள், எந்த வாரம் அழைப்புகள் போகவில்லை, செவிலியருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கூடுதலாயிற்று என்பன இடம்பெறட்டும். ஆய்வு முடியும் தேதியைப் பங்கேற்றவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே குரல் அழைப்பிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால், வராத அழைப்புக்காகக் காத்திருந்து மாத்திரை வாங்கச் செல்லாமல் இருந்துவிடுவார்கள்.