தலையில் அடிபட்டால் முதல் 24 மணிநேரம்

தலையில் தேங்காய் விழுந்தாலும், நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும், "எழும்பி நடக்கிறார்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசிந்தால், ஆள் சில மணிநேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென மயங்கக்கூடும்.

இரவு தூங்க விடலாம். ஆனால் 2 மணிநேரத்துக்கு ஒருதடவை எழுப்பிப் பெயரையும் இடத்தையும் கேளுங்கள். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்மணிகளும் ஒரேயளவாகச் சுருங்கவேண்டும். ஒன்று பெருத்தே நின்றால், வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், வலிப்போ கைகால் சோர்வோ கண்டால், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிந்தால் உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வடிகிற இடத்தில் பஞ்சு அடைக்கவேண்டாம். வலிக்குப் பனடோல் மட்டும். அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் முதியவரென்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

தலையில் அடிபடாமலே மூளைக்கு ஆபத்துத் தரக்கூடிய இன்னொன்று, மூக்கோரக் கொப்புளத்தை நசுக்கும் பழக்கம். அந்தக் கிருமி கண்ணுக்குப் பின்னாலுள்ள நாளங்கள் வழியே மூளையடிவரை போகலாம். காய்ச்சலோடு இமை வீங்கி, கண் முன்தள்ளி, அசைத்தால் நொந்தால் கண்துளி விட்டுப் பார்க்கிற கதையே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.